கை நனைச்சாச்சு

ஒரு வீட்டுக்குப் போனால் கை நனைக்காமல் திரும்பக் கூடாது. இது விதி. எந்தத் துறை பிறப்பித்தது, எந்த ஆண்டு அமலுக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கோப்பிலும் நகல் இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசாணைகளோடே வாழ்ந்து, அரசாணைகளோடே தூங்கியவன். இவ்வளவு கண்டிப்பாக அமலாகும் இன்னொரு விதியை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று உண்டு. வியாதி. "எனக்கு சுகர்" என்று விண்ணப்பதாரர் தன் வாயால் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் அதை நம்ப வேண்டும். நம்பிய பிறகு பரிதாபப்பட்டு, "அப்படியா, சரி, ஒரே ஒரு துண்டு மட்டும்" என்று தண்டனையைக் குறைத்து உத்தரவிடுவார். முழு விடுதலை கிடையாது.

இந்த விதியை ஒரு தடவைகூட மீறாமல், அதே சமயம் ஒரு தடவைகூட அதற்குக் கீழ்ப்படியாமல், தீபாவளி தொடங்கிப் பொங்கல் வரைக்கும் திருவண்ணாமலையில் தலைநிமிர்ந்து நடமாடிய ஒருவரை எனக்குத் தெரியும். வேங்கிக்காலில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. கணவர் இல்லை, ஒரே மகன் ஓசூரில் வேலை பார்த்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்ததால் தெருவே அவரைப் பாலிசி அக்கா என்று கூப்பிட்டது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் சொன்னேன். பதவிப் பெயருக்கு வயது வரம்பு கிடையாது. இப்போது அவர் ஓசூர்வாசி. அந்த வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்துவிட்டது.

முதன்முதலாக அவர் கைவரிசையை நான் பார்த்தது ஒரு தீபாவளிக் காலையில். வாழ்த்துச் சொல்ல வந்தார். என் மனைவி ஒரு தட்டு நிறைய அதிரசம், சோமாசு, குலோப் ஜாமூன் என்று அடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"கை நனைக்காமப் போகக் கூடாதுக்கா. நாள் கிழமை."

"அய்யய்யோ, நனைக்காமப் போவேனா? நல்ல நாளும் அதுவுமா!" என்றார் அக்கா. எழுந்தார். கொல்லைப்பக்கம் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. முழங்கை வரைக்கும் ஈரமாகத் திரும்பி வந்தார். முந்தானையில் துடைத்துக்கொண்டே, "கை நனைச்சாச்சு. தண்ணி ஜில்லுனு இருக்குது. உங்க போர்த் தண்ணி நல்ல தண்ணி. நான் வரேன்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் மனைவி தட்டோடு நின்றாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"இதுல என்ன சிரிப்பு?"

"வார்த்தையைப் பாரு. கை நனைக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. எதுல நனைக்கணும்னு சொல்லலையே."

"உங்களுக்குன்னு ஒருத்தி வந்து வாய்ச்சிருக்கா" என்றாள். வாக்கியம் கொஞ்சம் ஏடாகூடமாக இருந்தாலும் நான் விளக்கம் கேட்கவில்லை.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழக்கம் என் மனைவிக்கு இல்லை. அதே தட்டை மூடி அக்கா வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா எங்களுக்குப் பலகாரம் கொண்டுவந்தார். தட்டைத் திறந்த என் மனைவி ஓர் அதிரசத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓரம் கருகி, நடுவில் பல் விழுந்த மாதிரி ஓட்டை. "இது நான் சுட்டது" என்றாள். விசாரித்ததில், அக்கா வீட்டிலிருந்து பக்கத்து வீடு, அங்கிருந்து மூலைவீடு, மூலைவீட்டிலிருந்து எதிர்வீடு என்று அந்த அதிரசம் தெருவையே கிரிவலம் வந்திருந்தது. வழியில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. எல்லார் வீட்டிலும் அதிரசம் இருந்தது, எல்லாருக்கும் சுகரும் இருந்தது. வெளியே சொல்லத்தான் ஆளில்லை.

எனக்கும் சர்க்கரை உண்டு. அதற்கான எல்லா ஆவணங்களும் தேதிவாரியாக என்னிடம் உண்டு. அந்த அதிரசத்தை நான்தான் சாப்பிட்டேன்.

காலையில் அக்கா நடக்கப் போவார். வெயில் மழை பார்ப்பதில்லை. அடுத்து வந்த நாட்களில் நானும் கூட நடந்தேன். கூட என்றால், அவர் முன்னாலும் என் மூச்சு பின்னாலும். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"குழாயடிக்கெல்லாம் எதுக்குப் போய்க்கிட்டு? எனக்கு சுகர்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா விட்டுடுவாங்களே."

"எனக்குத்தான் சுகர் இல்லையே சார்."

"இல்லையா?"

"இல்ல. பிரஷரும் இல்ல. இல்லாததை எப்படி இருக்குன்னு சொல்றது?"

நான் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியதும் ஒரு காரணம்.

"நல்லா இருக்குது சார் உங்க ஊரு நியாயம்" என்று அவரும் நின்றார். அவர் ஊரும் இதேதான், ஆனால் கோபம் வந்தால் எல்லா ஊரையும் என் தலையில் கட்டிவிடுவார். "வியாதி வந்தவங்க வேணாம்னு சொன்னா பாவம். வராம இருக்கணும்னு நினைக்கிறவ வேணாம்னு சொன்னா திமிரு. பாலிசி எப்ப சார் எடுக்கணும்? நல்லா இருக்கறப்போதானே? ஐசியூவுல படுத்துக்கிட்டு ஃபாரம் குடுன்னா எந்தக் கம்பெனி குடுக்கும்?"



அவர் கணவரைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதையும் நடையை நிறுத்தாமலே சொன்னார். "தங்கமான மனுஷன் சார். யார் வீட்டுலயும் எதையும் வேணாம்னு சொன்னதில்ல. எல்லாருக்கும் நல்லவரு. அவரு காலுக்கு மட்டும்தான் பொல்லாதவரு. முதல்ல ஒரு விரல், அப்புறம் பாதம், அப்புறம் ஆளே போயிட்டாரு. சாவுக்கு வந்தவங்க எல்லாரும், குடுத்ததையெல்லாம் சந்தோஷமா சாப்பிடுவாரேன்னு சொல்லி அழுதாங்க. ஒருத்தராவது, நாங்க ஊட்டின ஜாங்கிரிதாம்மான்னு சொன்னாங்களா?" அடுத்த நிமிஷமே சிரித்தார். "நான் செத்தா சொல்லுவாங்க பாருங்க, கல்நெஞ்சக்காரி, ஒரு ஜாமூனைத் தொட்டதில்லன்னு. சொல்லட்டும். தொண்ணூறு வயசுல சொல்லட்டும்."

தீபாவளி வெறும் ஒத்திகை. எங்கள் ஊருக்கு உண்மையான பரீட்சை கார்த்திகை தீபம். அந்தச் சமயத்தில் திருவண்ணாமலையில் வீடு என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் லாட்ஜ்தான். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் பெயர் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாம் நேரில் வருவார்கள். "நாங்க ரெண்டே பேர்தான்" என்றால் ஏழு பேர் என்று பொருள். வெளியூர் பஸ்ஸை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுவதால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, எல்லையிலிருக்கும் எங்கள் வேங்கிக்காலில் வந்து விழுவார்கள். வந்தவர்களுக்குப் பசிக்கும். பசித்தவர்களுக்கு வடை சுட வேண்டும். சுடுகிறவர் சும்மா இருக்க முடியாது, ருசி பார்க்க வேண்டும். இப்படித்தான் ஒரு மாவட்டமே கெடுகிறது.

அக்கா வீட்டுக்கு வேலூரிலிருந்து தம்பி குடும்பம் வரும். தம்பி மனைவிக்குச் சாப்பாட்டு நேரம் என்பது டிவி சீரியல் எல்லாம் முடிந்த பிறகு. அக்காவுக்கோ இருட்டியதும் சாப்பாடு முடிந்தாக வேண்டும். சண்டை வரும் என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. வரவில்லை. மலைமேல் தீபம் ஏற்றியதும் எல்லாரும் மொட்டை மாடியில் கையெடுத்துக் கும்பிட்டு முடித்த அந்த நிமிஷமே அக்கா இலை போட்டுவிட்டார்.

"என்ன அண்ணி, இவ்ளோ சீக்கிரமா?"

"தீபம் பார்த்தவுடனே சாப்பிட்டு முடிச்சிடணும். எங்க வீட்டு வழக்கம்."

"அது இன்னிக்கு மட்டும்தானே?"

"மலைமேல தீபம் எரியிற வரைக்கும் தினமும் அதுதான் வழக்கம்."

மகாதீபம் ஒரே நாளில் அணைகிற தீபம் இல்லை, நாள்கணக்கில் எரியும். வழக்கம் என்ற சொல் காதில் விழுந்தபின் தம்பி மனைவி வாய் திறக்கவில்லை. நம் ஆட்களிடம் டாக்டர் சொன்னார் என்றால் டாக்டரையே சந்தேகப்படுவார்கள். வழக்கம் என்றால் கப்சிப். அடுத்த வருடம் மூலைவீட்டு அம்மா தன் மருமகளிடம், "தீபம் எரியறப்போ லேட்டா சாப்பிடக் கூடாதுடி, ஆதிகாலத்து வழக்கம்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். ஆதிகாலம் போன வருடம் அக்கா வீட்டு மாடியில்தான் தொடங்கியது. சட்டமன்றம் இல்லாமல் சட்டம் இயற்றிய ஒரே ஆள் அவர்.

கிரிவலத்துக்கும் அவரிடம் ஒரு சட்டத் திருத்தம் இருந்தது. தம்பி மனைவி ஆட்டோவில் சுற்றிவிடலாம் என்றார். "ஆட்டோ சுத்துது, நீ உட்கார்ந்திருக்கே. புண்ணியம் ஆட்டோவுக்குத்தான் போகும்" என்று சொல்லி எல்லாரையும் நடக்க வைத்தார். என்னையும் சேர்த்துத்தான். செருப்புப் போடக் கூடாது என்பது கிரிவலத்து விதி. அக்கா கனமான சாக்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு வயதான அம்மா பிடித்துக்கொண்டார்.

"காலுல போட்டுக்கினு சுத்தக் கூடாதும்மா."

"செருப்பு இல்லம்மா, சாக்ஸு."

"எல்லாம் ஒண்ணுதான்."

"எப்படிம்மா ஒண்ணாகும்? இது காலுக்குச் சட்டை. நீங்க சட்டை போட்டிருக்கீங்க, நான் ஏதாச்சும் கேட்டனா?"

அந்த அம்மா தன் ரவிக்கையை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "எங்க வாங்கினே?" என்று கேட்டார். வழிநெடுக அன்னதானப் பந்தல்கள், கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். ஒவ்வொரு பந்தலிலும் அக்கா அண்டாத் தண்ணீரில் பக்தியோடு கை நனைத்துக்கொண்டு நகர்ந்தார். பொங்கலை நான் வாங்கிக்கொண்டேன். யாராவது வாங்க வேண்டும் அல்லவா.

இப்படிச் சில வருடம் ஓட்டையே இல்லாமல் போய்க்கொண்டிருந்த நிர்வாகத்தில்தான் அந்த விவகாரம் வந்து சேர்ந்தது.

அக்காவின் மகனுக்குத் தன்கூட வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பெண் வீடு செங்கம் பக்கம் ஒரு கிராமம். சாதி, ஜாதகம் எல்லாம் எப்படியோ ஒத்துவந்துவிட்டன. பாக்கி இருந்தது பெரியப்பா. பெண்ணின் அப்பா சாதுவானவர். அந்த வீட்டில் தலைகள் பல இருந்தாலும் வாய் ஒன்றுதான், அது பெரியப்பாவுடையது. அவர் சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. முறைப்படி பெண் பார்க்க வரச் சொல்லி அவரிடமிருந்து அழைப்பு வந்தது. கார்த்திகை மாதக் கடைசி. மார்கழி பிறப்பதற்குள் பேச்சை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

"சார், நீங்க கூட வாங்க. பேச்சுல எங்கேயாவது ஓட்டை விழுந்தா அடைக்கலாம்" என்றார் அக்கா. இப்படி ஓர் அழைப்புக்காகத்தான் ஓய்வு பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறோம். போனேன்.

காரில் போகும்போதே பையன் கெஞ்சினான். "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். அங்க போய் குழாயைத் தேடாத."

"நான் பார்த்துக்கறேன்டா."

"சார், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொன்னேன். பெண் பார்க்கப் போன வீட்டில் கை நனைப்பது என்பது வேறு. மாப்பிள்ளையின் அம்மா கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று பொருள். முகத்துக்கு நேராக மறுக்கும் சங்கடம் இரண்டு பக்கத்துக்கும் இல்லாமல் இருக்கப் பெரியவர்கள் செய்துவைத்த நல்ல ஏற்பாடு. அங்கே கை நனைத்தாக வேண்டும்.

"அவ்ளோதானே? நனைச்சுட்டாப் போச்சு" என்றார் அக்கா உற்சாகமாக. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரே வார்த்தையை இரண்டு பேரும் இரண்டு பொருளில் பேசிக்கொண்டு வருகிறோம் என்பது செங்கம் தாண்டியும் எனக்கு உறைக்கவில்லை. இத்தனை வருடம் கோப்பில் குறிப்பு எழுதியவனுக்கு.

நல்ல வீடு. கூடம் நிறைய ஆட்கள். பெரியப்பா நடு நாற்காலியில் மீசையோடு உட்கார்ந்திருந்தார். பெண் வந்து கும்பிட்டாள். பையன் சீலிங் ஃபேனை முதல்முறையாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான். பிறகு தட்டுகள் வந்தன. கேசரி நெய்யில் மிதந்தது. பக்கத்தில் பஜ்ஜி.

"எல்லாம் நம்ம வீட்டு நெய்யி. கை நனைங்க" என்றார் பெரியப்பா.

கூடத்தின் கண்கள் எல்லாம் அக்காவின் வலதுகையில் நின்றன. அக்கா எழுந்தார்.

"குழாய் எந்தப் பக்கம்ங்க?"

சாப்பிடுவதற்கு முன் கை கழுவுகிற சுத்தமான பெண்மணி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஓடிப்போய் வழி காட்டினாள். பையன் ஃபேனிலிருந்து கண்ணை இறக்கி என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு வியர்த்தது.

அக்கா ஈரக்கையோடு வந்தார். உட்கார்ந்தார். முகம் நிறையச் சிரிப்போடு, "கை நனைச்சாச்சு. எங்களுக்கு முழு சம்மதம்" என்றார்.

 பெரியப்பா தட்டைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னும் தொடவே இல்லியே?"

"கை நனைச்சுட்டேங்கய்யா."

"கேசரி அப்படியே இருக்குது."

"கை நனைஞ்சிருக்குது பாருங்க" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார் அக்கா. உண்மையிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

"சுகரா?"

"இல்லீங்க."

"பிரஷரு?"

"இல்லீங்க."

"விரதம் கிரதம் இருக்கீங்களா?"

அப்போதாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா சாப்பாட்டில் தந்திரம் செய்வாரே தவிர வாய்ப்பேச்சில் பொய் சொல்ல மாட்டார். "அதுவும் இல்லீங்கய்யா. நான் இனிப்பு சாப்பிடறதில்ல."

"வியாதி இல்ல, விரதம் இல்ல. அப்போ எங்க வீட்டுக் கேசரியில இன்னா குறை?"

இங்கேதான் ஓட்டையை அடைப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட நான் தொண்டையைச் செருமினேன். நனைத்தல் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் ஈரமாக்குதல் என்றும், வழக்கில் அது உண்பதைக் குறிப்பது ஆகுபெயர் போன்றது என்றும், நேர்ப்பொருள் நிறைவேறியிருக்கும்போது சம்மதம் செல்லுபடியாகும் என்றும் பொறுமையாக விளக்கினேன். பெரியப்பா கடைசி வரைக்கும் கேட்டார்.

"நீங்க யாரு?"

"மூணாவது வீடு."

"மூணாவது வீட்டுக்கு எங்க வீட்டுல இன்னா வேலை?"

உள்ளேயிருந்து களுக்கென்று ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தப் பெண்தான். பெரியப்பா திரும்பிப் பார்த்ததும் கொலுசுச் சத்தம் சமையல்கட்டுக்குள் ஓடியது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "யோசிச்சு சொல்லி அனுப்பறோம்."

இதற்குப் பொருள் சொல்ல எனக்கு அகராதி வேண்டாம். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' இந்த வரியை என் கையாலேயே எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்.

மார்கழி பிறந்தது. மார்கழியில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். கோப்பு தூங்கியது. பையன் ஓசூரிலிருந்து தினமும் போன் செய்தான். முதலில் சண்டை போட்டான், அப்புறம் அழாத குறையாகப் பேசினான், கடைசியில் சாப்பிட்டியா என்று கேட்டால் "கை நனைச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவானாம். அக்கா இதை என் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்புப் பாதியில் நின்றுபோயிற்று.

ஒருநாள் காலை, பனியில் கோலங்களை மிதிக்காமல் நடந்துகொண்டிருந்தோம். அக்கா என் வேகத்துக்கு நடந்தார். அதுவே கெட்ட அறிகுறி.

"சார், ஒரு ஸ்பூன் கேசரியில என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாது."

"அன்னிக்கே தின்னிருந்தா பிள்ளை இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க மாட்டான்ல?"

"மாட்டான்."

ஒரு பெரிய கோலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். "அவருக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பூன்தான் சார். ஒரு ஸ்பூனுக்கு மேல அவரு தின்னதே இல்ல. வீடுங்கதான் ஜாஸ்தி."

 கடைசியில் அக்காவே ஒரு முடிவுக்கு வந்தார். காணும் பொங்கலுக்கு அந்த வீட்டுக்கு நேரில் போவது, பெரியப்பா கண்முன்னால் ஒரு தட்டுக் கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது. "என் பிள்ளையைவிட என் பாலிசி பெருசா சார்?" என்று கேட்டுவிட்டு வேகத்தைக் கூட்டினார். நான் பின்தங்கினேன். உலகம் கொஞ்சம் சரியானது.

ஆனால் இனிப்பு விட்டுப் பல வருடமானவர் திடீரென்று அவ்வளவு பேர் எதிரில் சாப்பிட்டால் முகம் கோணிவிடாதா? ஒத்திகை பார்க்க வேண்டும் என்று என் மனைவி யோசனை சொன்னாள். எத்தனையோ தீபாவளிகளாகக் காத்திருந்தவள். முந்திரி, திராட்சை, குங்குமப்பூ எல்லாம் போட்டு ஒரு கேசரி கிண்டினாள். பாருங்கள், எனக்கு ஒரு நாளும் குங்குமப்பூ போட்டதில்லை. செய்தி பரவி எதிர்வீடும் மூலைவீடும் எங்கள் சமையல்கட்டில் வந்து நின்றன. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பெரியப்பாவாக எதிரில் உட்காரவைக்கப்பட்டேன். மீசைக்குப் பதில் என் மனைவி ஒரு முருங்கைக்காயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

"கை நனைங்க" என்றேன் முருங்கைக்காய்க்குப் பின்னாலிருந்து.

அக்கா ஸ்பூனை எடுத்தார். கேசரியை அள்ளினார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். என் முகத்தைப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். ஸ்பூன் இறங்கியது. மறுபடி ஏறியது. மறுபடி சிரிப்பு.

"முருங்கைக்காயை இறக்குங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவுது!"

"நிஜ மீசை இன்னும் பெருசுக்கா, பழகிக்குங்க" என்றாள் என் மனைவி.

மூலைவீட்டு அம்மா சிரித்ததில் மூக்குக்கண்ணாடி கேசரியில் விழுந்தது. கடைசியில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பூனைத் தட்டில் வைத்தார். "வேணாம். ஒத்திகைக்கே தின்னுட்டா, நாடகத்துக்கு எதுக்கு? அன்னிக்கு ஒரே தடவை. அத்தோட சரி." கண்ணாடியை எடுத்துவிட்டு மிச்சத்தை நான் சாப்பிட்டேன்.

போகிக்குப் பையன் ஊருக்கு வந்தான். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல், மாட்டுப் பொங்கலன்று மறுபடியும் சர்க்கரைப் பொங்கல். அக்கா அவன் தட்டில் பரிமாறிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாக என் மனைவி வந்து சொன்னாள். அவன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லையாம். செங்கத்திலிருந்து ஒரு வாழ்த்துகூட வரவில்லை.

அதற்கு மறுநாள் காலை. அக்கா பட்டுப்புடவையில் எங்கள் வாசலுக்கு வந்தார். கார் தயாராக நின்றது. தெருவில் கரும்பு கடித்துக்கொண்டும் கோலத்தைப் பார்த்துக்கொண்டும் நின்றவர்கள் எல்லாருக்கும் எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று தெரியும். வாழ்த்தி அனுப்ப ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. என்னைக் கூப்பிடவில்லை. மூணாவது வீடு வர வேண்டாம் என்பது பையனின் ஒரே நிபந்தனை.

கார்க் கதவில் கை வைக்கும்போது அக்காவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர், "பெரியப்பாடா" என்றார். போனை அவன் கையில் திணித்தார். பையன் வாங்கி ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான். கரும்பு கடிக்கிற சத்தம் நின்றது.

"அம்மா, பொண்ணோட பெரியப்பா பேசறேன்."

"சொல்லுங்கய்யா. நாங்களே கிளம்பி அங்கதான் வந்துக்கிட்டிருக்கோம். இன்னிக்கு நான் ஒரு தட்டு..."

"அதை விடுங்க. மார்கழி பூரா அந்தப் பொண்ணைக் கேட்டுப் பார்த்துட்டோம். கட்டினா அந்த வீடுதான்னு நிக்குது. இப்படி ஒரு மாமியார் வேற எங்கயும் கிடைக்காதுன்னு என்கிட்டயே சொல்லுது. எனக்கும் யோசிக்க யோசிக்க, பொய் சொல்லாத ஜனமாத்தான் தெரியுது. மாசியில நாள் பார்த்துக்கலாம். எங்களுக்கு சம்மதம்."

பையன் கார் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. என் மனைவி எதிர்வீட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த இரைச்சலுக்கு மேலே அக்கா போனைப் பார்த்துக் கத்தினார்.

"அய்யா, உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!"

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது. பிறகு குரல் இறங்கி, ரகசியமாக வந்தது. ஸ்பீக்கரில் இருப்பது அவருக்குத் தெரியாது. பையன் ஹாரனை விட்டுவிட்டதால் வேங்கிக்காலில் எங்கள் தெரு முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"அது வேணாம்மா. போன வாரம் டெஸ்ட் எடுத்தாங்க, எனக்கு சுகராம். வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லல. நாள் கிழமையில இவங்ககிட்ட எப்படி வேணாம்னு சொல்றதுன்னே தெரியல."

பதில் கிடைத்த நாள்: தை மாதம் மூன்றாம் தேதி, காணும் பொங்கல்.